பாதத் தகடு

இரண்டாவது புல்லறுப்பு தொடங்கிய வாரத்தில்தான் ருசுதான் எங்கள் மலையூர் லெஷ்கேரிக்கு வந்தாள். மழை இறங்குவதற்குள் புல்லைக் காயவைத்துப் பரணில் ஏற்றிவிட வேண்டும் என்று ஊரே மலைச்சரிவில் கிடந்தது. ஆளுயரப் பிடி போட்ட நெட்டரிவாள்களை ஆண்கள் வரிசையாக வீசிக்கொண்டு போக, பெண்கள் பின்னால் முள்வாரியால் புரட்டிப் போடுவோம். ஓடைக்கு அந்தப் பக்கம் அவளுடைய ஜீப் சேற்றில் சிக்கிக்கொண்டு உறுமியதைப் பார்த்துவிட்டு யாரும் இறங்கிப் போகவில்லை. கடைசியில் பெகெர்பிதான் தன் எருதுகளை ஓட்டிக்கொண்டு போய் இழுத்துவிட்டார். அவர் வீட்டு மாடியிலேயே அவளுக்கு அறையும் கொடுத்தார்.

நான் இந்த ஊருக்கு வாழ்க்கைப்பட்டு வந்து இருபத்தாறு வருஷம். பிறந்தது கீழே குதாயிசிப் பக்கத்துச் சமவெளியில். பள்ளிக்கூடத்தை ஒட்டியிருக்கும் ஒற்றை அறைதான் என் ஆஸ்பத்திரி. கோடரி வெட்டு, பிரசவம், குடித்துவிட்டு விழுந்தவன் மண்டை எல்லாமே அங்கேதான். பேர் எலிசோ என்று இருந்தாலும் எல்லாருக்கும் நான் நர்ஸம்மா.

பெகெர்பி எங்கள் கோயிலின் சாவிக்காரர். அவர் அப்பாவும் சாவிக்காரர்தான், தாத்தாவும் அப்படித்தான். கோயில் ஒரு மாட்டுக்கொட்டகை அளவுதான் இருக்கும். உள்ளே பலிபீடத்துக்கு முன்னால் புனித ஜார்ஜியாரின் சிலுவை நிற்கிறது. என் தோள் உயரம். மரத்தின்மேல் பன்னிரண்டு வெள்ளித் தகடுகள் அறைந்து, அவற்றில் ஜார்ஜியார் பட்ட பாடுகளைப் புடைத்து எடுத்து, மேலே தங்க முலாம் பூசியிருக்கும். ஆயிரம் வருஷத்துக்கு முந்தியது என்பார்கள். அடியிலுள்ள பாதத் தகட்டில்தான் எங்கள் ஊர் சத்தியம் செய்யும். நிலத்தகராறா, திருட்டா, கொலைப்பழியா, கையை அதில் வைத்துச் சொல்லிவிட்டால் போதும், அதற்குமேல் கோர்ட் கிடையாது.

ருசுதான் தலைநகர் திபிலிசியில் பழைய உலோகச் சாமான்களைச் சோதித்துப் பார்க்கும் வேலையில் இருந்தாள். நாற்பது வயசு, ஒல்லியான உடம்பு, மூக்குக்கண்ணாடி. துளைபோடும் மெஷின் மாதிரி ஒன்றை வைத்திருந்தாள். அதைத் தகட்டின்மேல் வைத்து அழுத்தினால் கண்ணுக்குத் தெரியாத கதிர் போய், உள்ளே என்னென்ன உலோகம் எவ்வளவு இருக்கிறது என்று எண்களாகக் காட்டும். பழைய காலத்துப் பொற்கொல்லர்கள் எப்படி முலாம் பூசினார்கள் என்று கண்டுபிடிக்க வேண்டும், சுரண்ட மாட்டேன், கீற மாட்டேன் என்று ஊர்க்கூட்டத்தில் கெஞ்சினாள். கூட்டம் மூன்று மணி நேரம் நடந்தது. ஊர் கடைசியில் ஒத்துக்கொண்டது. எதற்கு இந்த வேலை, இருக்கிறபடி இருக்கட்டுமே என்று சொன்னவர் பெகெர்பி ஒருவர்தான். அதைப் பின்னால் எல்லாரும் ஞாபகம் வைத்துக்கொண்டார்கள்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் கோயிலைத் திறந்தார்கள். உள்ளே இருபது பேர் நெருக்கியடித்து நின்றோம். கதிர் என்கிறார்களே, ஆளுக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்று பயந்து பெகெர்பிதான் என்னைக் கூட வரச் சொல்லியிருந்தார். வாசலில் பெண்கள். ருசுதான் கையுறை மாட்டிக்கொண்டு, என்ன செய்யப் போகிறாள் என்பதை முதலில் விளக்கினாள்.

“இப்பல்லாம் கரண்ட் விட்டு முலாம் பூசிடுறாங்க. அந்தக் காலத்துல தங்கத்தைப் பாதரசத்துல கரைச்சு, வெண்ணெய் மாதிரி ஆக்கி, வெள்ளித் தகட்டுல தடவித் தணல்ல காட்டுவாங்க. பாதரசம் புகையாப் போயிரும். தங்கம் ஒட்டிக்கும். ஆனா பாதரசம் முழுசாப் போகாது. கொஞ்சம் உள்ளேயே தங்கிரும். எத்தனை நூறு வருஷம் ஆனாலும் இருக்கும்.”

“எங்க மாமியார் மாதிரின்னு சொல்லுங்க” என்று பின்னாலிருந்து ஓத்தியா சொன்னான். கோயிலுக்குள்ளேயே சிரித்தார்கள்.

அந்தச் சிரிப்போடுதான் ஆரம்பித்தது. அவள் மேலிருந்து ஒவ்வொரு தகடாக மெஷினை வைத்து, வெள்ளி, தங்கம், பாதரசம் என்று படித்துச் சொன்னாள். ஒவ்வொன்றுக்கும் ஆண்கள் சிலுவை போட்டுக்கொண்டார்கள். பதினோரு தகடு ஆயிற்று. பன்னிரண்டாவது பாதத் தகடு. மெஷினை வைத்தாள், எடுத்தாள், துடைத்தாள். இடம் மாற்றி மறுபடி வைத்தாள். ஐந்து தடவை. அப்போது தகட்டின் ஓரத்திலிருந்து ஒரு செதில் தானாகவே உதிர்ந்து அவள் கையுறையில் ஒட்டியது. அதை எல்லாருக்கும் காட்டிவிட்டு, ஊரின் சம்மதத்தோடு ஒரு கண்ணாடிக் குப்பியில் போட்டுக்கொண்டாள். வாயைத் திறந்து எதையும் படிக்கவில்லை.

முர்ஸாக்கான் முன்னால் வந்தான். ஓத்தியாவின் அண்ணன். ஐம்பது வயசு, கரடி மாதிரி தோள். அவனுடைய ஒரே மகன் ஜோகியா பதினான்கு வயசில் இரத்தப் புற்று வந்து இரண்டு வருஷத்துக்கு முன் செத்துப்போனான். பையன் திபிலிசி ஆஸ்பத்திரியில் கிடந்தபோது முர்ஸாக்கான் ஊருக்கு வந்து, காளையை அறுத்து, பாதத் தகட்டில் இரண்டு கையையும் வைத்துத் தன் உயிரை எடுத்துக்கொள்ளச் சொல்லி நேர்ந்துகொண்டான். நானும் அன்று அங்கே இருந்தேன்.

“இதுல பாதரசம் இருக்கா இல்லையா?”

“இப்ப சொல்ல முடியாது. இன்னும் பார்க்கணும்” என்றாள் ருசுதான்.

“உங்க மெஷின் என்ன சொல்லுது?”

“மெஷின் காட்டல.”

“அப்ப மத்தது மாதிரி இல்ல.”

“மத்தது மாதிரி இல்ல. ஆனா வெள்ளி ஒரே வெள்ளியாத்தான் தெரியுது, அதனால…”

அதற்குமேல் அவள் சொன்னதை யாரும் கேட்கவில்லை. ஒருவன் புதுசு என்றான். ஒருவன் மாற்றிவிட்டார்கள் என்றான். முர்ஸாக்கான் குனிந்து சிலுவையின் அடிமரத்தைப் பார்த்தான். மேலே மரம் கறுத்த ஓக். தகட்டுக்குக் கீழே ஒரு சாண் மட்டும் வெளுத்த தேவதாரு, ஒட்டுப்போட்டது. அத்தனை வருஷம் அதை யாரும் கவனித்ததில்லை. இது யார் வேலை என்று பெகெர்பியைக் கேட்டார்கள். அவர் முகம் சிவந்து தலை தாழ்ந்துவிட்டது. அப்பா என் கையில் கொடுத்தபடி இருக்கிறது, ஆணி ஒன்றைக்கூட நான் தொட்டதில்லை என்று மட்டும் சொன்னார். மரத்தைப் பற்றிப் பேசவே இல்லை. திருடன் முகம் அப்படித்தான் இருக்கும் என்று அன்றைக்கு நானும் ஒரு கணம் நினைத்தேன். அதை மறைத்துப் பிரயோசனம் இல்லை.

சாயங்காலம் ஆறு மணிக்கு ஊர் அவர் வீட்டுக்குள் புகுந்தது. பதினைந்து பேர் இருக்கும். பெகெர்பியின் மகன் கெகி வெளியூர்க்காரர்களுக்கு வாடகைக்கு விட மாடியில் நாலு அறை கட்டியிருந்தான். அந்தத் தகரக் கூரையும் புதுக் குளியலறையும் எங்கிருந்து வந்தது என்பதுதான் அவர்கள் கேள்வி. பழைய தகடு வீட்டில் இருக்கிறதா என்று தேடினார்கள். மாவுப்பெட்டியைக் கோடரியால் பிளந்தார்கள். மெத்தைகளைக் கிழித்தார்கள். பாலாடைக்கட்டி ஊறிய உப்புத்தண்ணீர்த் தொட்டியைக் கவிழ்த்து, அதன் அடியைத் தட்டிப் பார்த்தார்கள். குறுக்கே வந்த கெகியின் வாயில் துப்பாக்கிக் கட்டையால் ஓத்தியா இடித்தான். முன்பற்கள் மூன்று போயின. கெகியின் அம்மா நாசிகோ அடுப்பில் கொதித்துக்கொண்டிருந்த மோர்த்தண்ணீரைச் சட்டியோடு தூக்கி ஓத்தியாவின் முகத்தில் ஊற்றினாள். அவன் கத்தியது ஓடைக்கு அந்தப் பக்கம் கேட்டதாம்.

இரண்டு பேரையும் என் ஒற்றை அறைக்கே கொண்டுவந்தார்கள். நடுவில் ஒரு திரைதான். இந்தப் பக்கம் கெகியின் உதட்டைத் தைத்தேன். அந்தப் பக்கம் ஓத்தியாவின் கன்னத்தில் களிம்பு தடவினேன். திரைக்கு இரண்டு பக்கமும் ஒருத்தனை ஒருத்தன் அம்மா அக்காளை இழுத்துத் திட்டிக்கொண்டார்கள். கெகிக்கு வார்த்தை சரியாக வரவில்லை, காற்றாகப் போயிற்று. முர்ஸாக்கான் அந்தக் கூட்டத்தில் இல்லை. கோயிலிலிருந்து நேராக மகன் கல்லறைக்குப் போனவன் அங்கேயே உட்கார்ந்திருந்தான் என்று அவன் பெண்டாட்டி சியூரி சொன்னாள்.

ருசுதான் வீடுவீடாகப் போய், அவசரப்படாதீர்கள், பாதரசம் இல்லாததற்கு வேறு காரணங்களும் உண்டு என்று சொல்லிப் பார்த்தாள். கதவைச் சாத்தினார்கள். மெஷின்காரம்மா கிளம்புங்க என்றார்கள்.

மறுநாள் திங்கட்கிழமை. மேகம் இறங்கிக்கொண்டிருந்தது. அறுத்த புல் தரையில் கிடந்தால் அழுகிவிடும். அதனால், என்ன நடந்திருந்தாலும், பெகெர்பி விடிந்ததும் தன் சரிவுக்கு வந்துவிட்டார். எங்கள் சரிவும் அவருடையதும் ஒரு கற்சுவருக்கு இரண்டு பக்கம். நான் என் பக்கத்தில் புல்லை வாரிக்கொண்டிருந்தேன். சுவர் மேல் அவர் தலையும் அரிவாளின் முனையும் தெரிந்தன. அவர் அறுப்பதை நிறுத்தி, அரிவாளை நிறுத்திவைத்துச் சாணைக்கல்லால் தீட்ட ஆரம்பித்தபோது முர்ஸாக்கான் மேலேயிருந்து இறங்கி வந்தான். கையில் ஒன்றும் இல்லை. குரலும் சாதாரணமாகத்தான் இருந்தது.

“மாமா, ஒண்ணே ஒண்ணு கேக்குறேன். ஜோகியாவுக்காக நான் கை வச்சப்ப அது பொய்த் தகடுன்னு உங்களுக்குத் தெரியுமா?”

பெகெர்பி அரிவாளைப் புல்லில் சாய்த்துவிட்டுத் தொப்பியைக் கழற்றினார்.

“முர்ஸாக்கான், அந்தத் தகட்டுக்கு எங்க குடும்பம் ஒரு பாவம் பண்ணியிருக்கு. ஆனா நீ நினைக்கிற பாவம் இல்ல அது. உக்காரு, சொல்றேன்.”

அந்த வாக்கியத்தை முழுசாகச் சொல்லி முடித்தாரா என்றால், முடித்தார். எனக்குக் கேட்டது. முர்ஸாக்கான் பாவம் என்ற சொல்லிலேயே குனிந்து அரிவாளை எடுத்துவிட்டான். ஒரே வீச்சு. புல்லை வீசுகிற மாதிரியே, வலமிருந்து இடம். பெகெர்பி உட்காருகிறவர் மாதிரி மெதுவாகச் சரிந்தார். இழுத்த வேகத்தில் அரிவாள் முனை முர்ஸாக்கானின் கெண்டைக்காலையும் கிழித்தது. அவன் அதைப் பார்க்கவே இல்லை. அரிவாளைப் போட்டுவிட்டு நொண்டிக்கொண்டு காட்டுக்குள் ஏறிப்போனான்.

நான் சுவரைத் தாண்டிக் குதித்தேன். விலாவுக்குக் கீழே தொப்புள்வரை திறந்திருந்தது. குடலை உள்ளே தள்ளி, என் தலைத்துணியையும் இடுப்பில் கட்டியிருந்த மேல்துணியையும் ஈரமாக்கி வைத்துக் கட்டினேன். கெகி ருசுதானின் ஜீப்பையே எடுத்துவந்தான். மெஸ்தியா ஆஸ்பத்திரிக்கு ஒன்றரை மணி நேரம். பின்சீட்டில் அவர் தலை நாசிகோவின் மடியில், என் இரண்டு கையும் அவர் வயிற்றின்மேல். பாதி வழியில் மழை தொடங்கியது. புல்லைப் புரட்டிப் போட்டார்களா என்று கேட்டார். போட்டாச்சு என்றாள் நாசிகோ. மூன்றாம் வளைவு தாண்டும்போது என் கைக்கடியில் வயிறு ஏறி இறங்குவது நின்றது. நாசிகோவுக்கு அது எனக்கு முன்பே தெரிந்திருந்தது. வண்டியை நிறுத்தச் சொல்லவில்லை. ஆஸ்பத்திரி வாசல்வரை போய்த்தான் திரும்பினோம்.

அடக்கத்துக்கு ஆறு ஊர் வந்தது. இறைச்சி இல்லாத சாப்பாடு, பீன்ஸும் உருளைக்கிழங்கும் ரொட்டியும். முற்றத்தில் நீளமாகப் பலகை போட்டுப் பரிமாறினோம். வீட்டைச் சூறையாடியவர்களில் பாதிப் பேர் தலையைக் குனிந்துகொண்டு வந்து சாப்பிட்டார்கள். ருசுதான் கறுப்புத்துணி கட்டிக்கொண்டு வாசலில் நின்றாள். பெண்கள் யாரும் நகர்ந்து இடம் கொடுக்கவில்லை. கெகி மாடிக்குப் போய் அவளுடைய மெஷினைப் பெட்டியோடு கொண்டுவந்து, அவள் கண்ணெதிரே வாசற்கல்லில் ஓங்கி ஓங்கி அடித்தான். பொடியாகும்வரை அடித்தான். பிறகு அவள் கழுத்தைப் பிடித்தான். நாசிகோதான் விலக்கிவிட்டாள். அவளைப் பெஞ்சியில் தன் பக்கத்தில் உட்காரவைத்து ஒரு தட்டில் பீன்ஸ் போட்டுக் கொடுத்தாள். அன்றே ருசுதான் அந்தச் செதிலோடு திபிலிசிக்குப் போய்விட்டாள்.

எங்கள் ஊரில் பழி எடுக்கப்போகிறவன் செய்கிறபடி கெகி சவரம் செய்வதை நிறுத்தினான். அவன் என்ன செய்யப்போகிறான் என்று யாரும் கேட்கவில்லை. கேட்கத் தேவையும் இல்லை. மூன்றாம் நாள் முர்ஸாக்கானின் பரண் எரிந்தது, வருஷத்துப் புல் முழுதும். குரைத்துக்கொண்டு வந்த நாயைக் கெகி சுட்டான். அடுத்த வாரம் முர்ஸாக்கானின் பசுக்கள் இரண்டு மேய்ச்சலில் தலையில் குண்டுபட்டுக் கிடந்தன. ஓத்தியாவை ஓடைக்கரையில் பிடித்து, அண்ணன் எங்கே என்று கேட்டு, அவன் சொல்லாததால் முழங்காலைக் கல்லால் உடைத்தான். நான் பலகை வைத்துக் கட்டினேன். இந்த ஆயுசில் ஓத்தியா நேராக நடக்கமாட்டான். மெஸ்தியாவிலிருந்து போலீஸ் இரண்டு தடவை வந்து, நாசிகோ கொடுத்த ரொட்டியைத் தின்றுவிட்டு, யாருக்கும் எதுவும் தெரியவில்லை என்று எழுதிக்கொண்டு போனார்கள்.

எனக்குத் தெரியும். கொலை நடந்து பத்தாம் நாள் சியூரி பின்வாசல் வழியாக வந்து என் காலில் விழுந்தாள். கால் சீழ்பிடித்துவிட்டது, செத்துப்போவான் என்றாள். செத்தால் போகட்டும் என்று சொல்ல வாய் வரை வந்தது. ஆனாலும் பையை எடுத்துக்கொண்டு போனேன். மேய்ச்சல் மலையில், பனிக்கோட்டுக்குக் கீழே, இடையர்களின் கற்குடிசை ஒன்றில் கிடந்தான். சீழை வெட்டி எடுத்தேன். மயக்கமருந்து இல்லை. பல்லைக் கடித்துக்கொண்டு கூரையையே பார்த்தான்.

“அவரே பாவம்னு ஒத்துக்கிட்டார் நர்ஸம்மா. சுவருக்கு அந்தப் பக்கம் நீங்களும் கேட்டீங்கதான?”

“நீ நினைக்கிற பாவம் இல்லைன்னும் சொன்னாரு. அதையும் கேட்டேன்.”

“அப்படிச் சொல்லல.”

“சொன்னாரு முர்ஸாக்கான்.”

அவன் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டான். நான் மூன்று தடவை ஏறிப்போய்க் கட்டு மாற்றினேன். கெகியிடம் சொல்லவில்லை. போலீஸிடமும் சொல்லவில்லை. நாசிகோவின் முகத்தைப் பார்க்காமல் தெருவில் சுற்றிப் போக ஆரம்பித்தேன்.

செப்டம்பர் கடைசியில், உருளைக்கிழங்கு தோண்டும் நேரத்தில், ருசுதான் திரும்பி வந்தாள். மெஸ்தியாவிலிருந்து நடந்தே வந்திருந்தாள், இந்தத் தடவை ஜீப் இல்லை, யாரும் வாடகைக்கு வண்டியும் தரவில்லையாம். நேராக என் அறைக்கு வந்து, என்னைக் கூட்டிக்கொண்டுதான் நாசிகோ வீட்டுக்குப் போனாள். கெகி வயலில் இருந்தான். நாசிகோ அடுப்படியில் உருளைக்கிழங்கை மசித்துப் பாலாடைக்கட்டி சேர்த்துக் கிண்டிக்கொண்டிருந்தாள். எங்களை உட்காரச் சொன்னாள். கரண்டியை நிறுத்தவில்லை.

ருசுதான் பையிலிருந்து ஒரு படத்தை எடுத்தாள். அந்தச் செதிலைக் குறுக்கே வெட்டி, பெரிய நுண்நோக்கியில் வைத்து எடுத்த படம். சாம்பல் நிறத்தில் மேகம் மாதிரி இருந்தது.

“கரண்ட் முலாம்னா தங்கம் ஒரு கோடாவும் வெள்ளி ஒரு கோடாவும் தனித்தனியா நிக்கும். இதுல அப்படி இல்லம்மா. தங்கம் வெள்ளிக்குள்ள ஊறிப் போயிருக்கு. நடுவுல சின்னச் சின்னப் பொத்தல், பாதரசம் வெளியேறின தடம். வெள்ளியும் மத்தப் பதினோரு தகட்டோட வெள்ளியேதான், கலப்புகூட மாறல. இது பழைய தகடு. அதே கொல்லன் கை. யாரும் மாத்தல.”

நாசிகோ சட்டியைக் கிண்டிக்கொண்டே இருந்தாள்.

“ஆனா இந்தத் தகடு நெருப்புல இருந்திருக்கு. ஒரு நாள் ரெண்டு நாள் தீ இல்ல. வாரக்கணக்கா, மாசக்கணக்கா, அடியில இருந்து சூடு ஏறிட்டே இருந்திருக்கு. அதுலதான் மிச்சப் பாதரசமும் போயிருச்சு. கோயில் எரிஞ்சதா எந்தப் பதிவும் இல்ல. எங்க எப்படி நெருப்புல இருந்துச்சுன்னுதான் எனக்குப் புரியல.”

நாசிகோ கரண்டியை வைத்தாள். சட்டியை இறக்கினாள். பிறகு அடுப்புக்குமுன் தரையில் உட்கார்ந்து, அடுப்படிக் கல்லை உள்ளங்கையால் தடவினாள்.

“அஞ்சு மாசம்” என்றாள்.

அவள் சொன்னது இது. போன நூற்றாண்டின் முப்பதுகளில், கோயில்களை மூடிக்கொண்டிருந்த அரசாங்கத்தின் ஆட்கள் சாமான்களை அள்ளிப்போக வந்தபோது, பெகெர்பியின் அப்பா சிலுவையைத் தூக்கிவந்து இந்த அடுப்புக்குக் கீழே குழி தோண்டிப் படுக்கவைத்தார். குழி நீளம் போதவில்லை. பாதம் சரியாக நெருப்புக்கு அடியில் வந்தது. வேறிடம் தோண்ட நேரம் இல்லை. தேடி வந்தவர்கள் அந்தக் குளிர்காலம் முழுக்க ஊரிலேயே தங்கினார்கள், அதிலும் இந்த வீட்டிலேயே இரண்டு பேர். நெருப்பு எரிகிற இடத்தைத் தோண்டமாட்டார்கள் என்று இரவும் பகலும் அடுப்பை அணையவிடாமல் எரித்தார்கள். அந்த அடுப்பில் ஜார்ஜியாரின் பாதத்தின்மேல் ரொட்டி சுட்டு, அவரைப் பிடிக்க வந்தவர்களுக்கே பரிமாறினார்கள். வசந்தத்தில் எடுத்துப் பார்த்தபோது அடிமரம் கரியாகியிருந்தது. அப்பாவே தேவதாருவை ஒட்டுப்போட்டார். புனிதரை நெருப்பில் வாட்டிய வீடு என்று பேர் வந்துவிடும் என்று வெளியே சொல்லவில்லை. சாகும்போது மகனிடம் சொல்லி, வாயைத் திறக்காதே என்று சத்தியம் வாங்கிக்கொண்டார்.

“எங்கிட்ட மாமியார் சொன்னாங்க, அவரு சொல்லல. அன்னைக்கு வீட்டை உடைச்சுட்டுப் போன பிறகு நான் சொன்னேன், சத்தியம் கிடக்கட்டும், ஊர்ல சொல்லிருங்கன்னு. காலையில முர்ஸாக்கான்கிட்டதான் முதல்ல சொல்லணும்னாரு. பையனைப் பறிகொடுத்தவன், அவனுக்குத்தான் முதல்ல தெரியணும்னாரு.”

ருசுதான் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். நாசிகோ அவளைத் தேற்றவில்லை. என்னைப் பார்த்தாள்.

“எந்தக் குடிசை, எலிசோ?”

நர்ஸம்மா என்று சொல்லாமல் பேர் சொல்லிக் கூப்பிட்டாள். நான் தெருவில் முகம் கொடுக்காமல் சுற்றிப் போனதிலேயே கண்டுபிடித்திருக்கிறாள், எனக்குப் பொய் வரவில்லை.

மறுநாள் காலை மூன்று பேரும் ஏறினோம். நாலு மணி நேரம். நாசிகோ ஒரு கத்திகூட எடுத்துவரவில்லை, நான் கவனித்தேன். முர்ஸாக்கான் குடிசை வாசலில் துப்பாக்கியோடு நின்றான். யார் யார் வருகிறோம் என்று பார்த்ததும் துப்பாக்கியைத் தாழ்த்தினான். நாசிகோ “சொல்லும்மா” என்று ருசுதானை முன்னால் தள்ளினாள்.

ருசுதான் படத்தைக் காட்டி, முந்தின நாள் அடுப்படியில் சொன்னதையே சொன்னாள். எதையும் விடவில்லை. பிறகு நாசிகோ அடுப்பின் கதையைச் சொன்னாள். முடிந்ததும் ஒரே ஒரு கேள்வி கேட்டான்.

“அப்ப நான் கை வச்சது மெய்யான தகட்டுலதானா?”

“மெய்யான தகட்டுலதான்” என்றாள் ருசுதான்.

அவன் குடிசைச் சுவரில் நெற்றியை மோதினான். ஒரு தடவை, இரண்டு தடவை. கல்லில் இரத்தம் ஒட்டியது. நான் பிடிக்கப் போனேன். நாசிகோ என் கையைப் பிடித்து நிறுத்தினாள். அவனாக ஓய்ந்து, துப்பாக்கியை எடுத்து, கட்டைப் பக்கத்தை அவளிடம் நீட்டினான்.

“அக்கா, நீங்களே முடிச்சிருங்க.”

“வேண்டாம். கீழ வா. எங்க வீட்டுக்காரர் திருடன் இல்லைன்னு ஊர் முன்னாடி உன் வாயால சொல்லு. அப்புறம் போலீஸுக்குப் போ. இருந்து அனுபவி.”

அவள் முன்னால் நடந்தாள். அவன் நொண்டிக்கொண்டு பின்னால். ஓடைப்பாலத்துக்கு அந்தப் பக்கம் கெகி நின்றான். யாரோ சொல்லியிருக்க வேண்டும். துப்பாக்கி தோளில் இருந்தது. அம்மாவை விலகச் சொன்னான். அவள் பாலத்தின் நடுவில் நின்றுவிட்டாள். அவ்வளவு அகலமில்லாத பாலம், அவள் நின்றால் வழி கிடையாது. அப்போது முர்ஸாக்கான் கைப்பிடிக் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு, அவள் முதுகுக்குப் பின்னாலிருந்து ஓரமாக நகர்ந்து, கெகிக்கு நன்றாகத் தெரியும்படி நின்றான். தொப்பியைக் கழற்றினான். நெற்றியிலிருந்து இரத்தம் கண்ணுக்குள் இறங்கியது, துடைக்கவில்லை.

கெகி குறிவைத்தபடியே நின்றான். எவ்வளவு நேரம் என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. என் காதில் ஓடைச் சத்தம் மட்டும்தான் இருந்தது.

“இவன் சாகணும்னுதான் நிக்கிறான்மா” என்றான், பல் போன வாயால்.

“ஆமா” என்றாள் நாசிகோ.

கெகி துப்பாக்கியை இறக்கினான். பாலத்திலிருந்து விலகிப் போய்ப் புதருக்குப் பக்கத்தில் குனிந்து வாந்தியெடுத்தான்.

ஊர்ப் பாதிரியாரைக் கூப்பிட்டுக் கோயில் முற்றத்தில் மணி அடித்தோம். வயலிலிருந்து மண் ஒட்டிய கையோடு எல்லாரும் வந்தார்கள். ஓத்தியாவைக் கட்டிலோடு தூக்கிவந்தார்கள். முர்ஸாக்கான் சொன்னான். அடுப்பு, ஐந்து மாசம், தேவதாரு மரம், புல்வெளியில் பெகெர்பி சொல்லவந்தது, தான் கேட்காமல் விட்டது எல்லாவற்றையும் சொன்னான். சொல்லும்போது ஒவ்வொருத்தனும் தரையைப் பார்த்தான். மாவுப்பெட்டியைப் பிளந்தவன் முன்வந்து நாசிகோவின் முன்னால் மண்டியிட்டான். எழுந்திரு என்றாள். மெஸ்தியாவுக்கு ஆள் அனுப்பியாயிற்று. போலீஸ் ஜீப் வரும்வரை முர்ஸாக்கான் சுவரோரம் உட்கார்ந்திருந்தான். அவனுக்குப் பதினாலு வருஷம் போட்டார்கள். கெகிக்கும் ஓத்தியாவின் காலுக்காக ஒன்றரை வருஷம் கிடைத்தது. அதெல்லாம் பின்னால் நடந்தது.

அன்று கூட்டம் கலையத் தொடங்கியபோது சியூரி ருசுதானிடம் வந்தாள். அதுவரை மதில் பக்கம் தனியாக நின்றிருந்தாள். படத்தைக் காட்டச் சொல்லி வாங்கி, தலைகீழாகப் பிடித்துப் பார்த்தாள்.

“இந்தத் தகடு மெய்தானா?”

“மெய்தாங்க.”

“அன்னைக்கும் மெய்தானா? எங்க வீட்டுக்காரர் கை வச்ச அன்னைக்கு?”

“ஆமாங்க.”

“அப்ப எம் பையன் ஏன் செத்தான்?”

ருசுதான் என்னைப் பார்த்தாள். நான் பாதிரியாரைப் பார்த்தேன். அவர் மணிக்கயிற்றைச் சுற்றிக் கட்டிக்கொண்டிருந்தார். சியூரி படத்தைத் திருப்பிக் கொடுக்காமல் அப்படியே கோயில் படியில் உட்கார்ந்துவிட்டாள். வீட்டுக்குக் கிளம்பிய நாசிகோ பத்தடி போனவள் நின்றாள். கெகி அம்மா என்று கூப்பிட்டான். அவள் அவனைப் போகச்சொல்லிக் கையைக் காட்டிவிட்டுத் திரும்பி வந்தாள். சியூரியின் கையைப் பிடிக்கவில்லை, முகத்தையும் பார்க்கவில்லை. அவள் பக்கத்தில் படியில் உட்கார்ந்துகொண்டாள். ஜீப் வந்து முர்ஸாக்கானை ஏற்றிக்கொண்டு போன பிறகும் இரண்டு பேரும் அங்கேயே இருந்தார்கள்.